மோதாத வேன்

தை, மாசியில் ஒரத்தநாடு, திருவையாறு பக்கம் போனால் தார்ச்சாலையில் பாதி நெல் காய்கிறது. இருட்டில் அதன்மேல் பைக் சறுக்கிக் காலை உடைத்துக்கொள்பவர்கள் உண்டு. அரசு மருத்துவமனையில் பணி மருத்துவர் முதலில் கேட்பது, எப்படி அடிபட்டது என்றுதான். வலியில் துடிப்பவர் நடந்ததைச் சொல்லிவிடுவார். ‘பைக்கிலிருந்து தானே விழுந்ததாகக் கூறினார்’ என்று விபத்துப் பதிவேட்டில் ஏறிவிடும். கோர்ட் வட்டாரத்தில் இதற்கு ஏ.ஆர். காப்பி என்று பெயர்.

புரோக்கர் வருவது அதற்குப் பிறகு. தானே விழுந்தால் மூன்றாம் நபர் காப்பீட்டில் பைசா தேறாது; இன்சூரன்ஸ் உள்ள ஒரு வேனைக் காட்டலாம், டிரைவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடுவார், சாட்சிக்கு ஆள் இருக்கிறது என்பார். சில வாரம் கழித்துப் பதிவாகும் எஃப்.ஐ.ஆரில், ஏ.ஆர். காப்பியில் இல்லாத வேன் ஒன்று வந்து மோதியிருக்கும்.

இது எவ்வளவு பெரிய தொழில் என்பதை உத்தரப் பிரதேசம் காட்டியது. 2015இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் போலி விபத்து வழக்குகளை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது. விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை போய், 2021இல் அம்மாநில பார் கவுன்சில் 28 வழக்கறிஞர்களை இடைநீக்கம் செய்தது. சிகிச்சையே அளிக்காமல் தாராளமாக ஊனச் சான்று எழுதும் மருத்துவர்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2010இலேயே, ராஜ்குமார் வழக்கில் எச்சரித்திருக்கிறது.

சட்டத்தில் தண்டனை இல்லாமல் இல்லை. நீதிமன்றத்தில் பொய்யான கோரிக்கை வைத்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 246ஆம் பிரிவில் இரண்டாண்டு வரை சிறை. பொய்ச்சாட்சி சொன்னால் 229ஆம் பிரிவில் ஏழாண்டு வரை. புகார் கொடுக்க விபத்துத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரம் உண்டு. ஆனால் பெரும்பாலும் மனுவைத் தள்ளுபடி செய்வதோடு கதை முடிகிறது. புரோக்கர் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார்.

இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, அடிப்படையில் நேர்மை தவறியவரின் வழக்கு, காயம் உண்மையாக இருந்தாலும், பொதுவாக முழுதாகத் தள்ளுபடி ஆகும். அது நமக்கு வேண்டாம் என்பேன். புரோக்கர் நீட்டிய வெள்ளைத்தாளில் கைநாட்டு வைத்த கூலியாளின் உடைந்த கால் உண்மை. முதலில் தண்டிக்க வேண்டியது வேனைத் தேடிப் பிடித்தவரையும் சான்று எழுதியவரையும்.

இந்தப் பொய்களுக்கு விலை கொடுப்பது யார் தெரியுமா? நடவு முடிந்து சாலையோரம் நடந்து வரும்போது கார் மோதிக் காலை இழந்த பெண். அவர் கூண்டேறினால், பொய் வழக்குப் போட்டவரிடம் கேட்கும் அதே கேள்வியைத்தான் இன்சூரன்ஸ் வக்கீல் அவரிடமும் கேட்பார். ‘நானே தவறி விழுந்துவிட்டு, பணத்துக்காகப் பொய் வழக்குப் போட்டிருக்கிறேன் என்று சொன்னால் சரியல்ல’ என்று அவர் வாக்குமூலத்தில் பதிவாகும். உண்மை சொல்ல வந்தவர் முதலில் தான் திருடி இல்லை என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

அடிபட்டவர்களுக்கும் உடன் போகிறவர்களுக்கும் சொல்கிறேன்: பணி மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், வண்டி மோதியிருந்தால் அதன் எண்ணையும் அப்போதே சொல்லுங்கள். எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டிலருகே வரும் புரோக்கர் தேவையே இல்லை. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கிறார்கள்.