தைக்கும் கைக்கும் ஒரு நியாயம்

சஸ்திர சிகிச்சையைப் பற்றிப் பேசுகிறவர்கள் கத்தியின் கூர்மையையே பிரதானமாகப் புகழ்வார்களேயன்றி, அறுத்ததை மீண்டும் இணைக்கும் ஊசியைக் குறித்து அதிகம் சிந்திப்பதில்லை. ஆனால், சதை குறைந்த இடத்துக்கும் மூட்டுக்கும் இரண்டு விரற்கடை நீளமுள்ள உருண்டை ஊசி, சதைப்பற்று மிகுந்த இடத்துக்கு மூன்று விரற்கடை நீளமுள்ள முக்கோண ஊசி, வயிற்றுக்கும் மர்ம ஸ்தானங்களுக்கும் வில்லாக வளைந்த ஊசி என்று சுஸ்ருத சம்ஹிதை வகுத்துரைத்திருப்பதைப் பார்த்தால், இந்த விசாரம் நம் தேசத்துக்குப் புதிதன்று என்பது விளங்கும்.

இன்றைய சாஸ்திரமும் அதே நியாயத்தைத்தான் விரித்துச் சொல்கிறது. குடலையும் ரத்தக் குழாயையும் தைப்பதற்கு, திசுவை வெட்டாமல் விலக்கிக்கொண்டு நுழையும் உருண்டை ஊசி வேண்டும். கடினமான தோலுக்கோ வெட்டு விளிம்புள்ள ஊசி வேண்டும். அவ்விளிம்பும் வளைவின் உட்புறத்தில் அமைந்தால் காயத்தின் ஓரம் அறுபடக்கூடுமாதலால், அதை வெளிப்புறத்தில் வைத்துச் செய்த ஊசியையே பலரும் விரும்புகிறார்கள்.

இத்தனை பேதங்களையும் நோயாளியின் நன்மையை உத்தேசித்துக் கற்பித்த நாம், தைக்கிறவரின் க்ஷேமத்தை மட்டும் மறந்துவிட்டோம் என்பதே என் அபிப்பிராயம். வயிற்றை மூடுகையில் தசையுறைக்குள் செலுத்தப்படும் கூரிய ஊசி, திசுவைத் தாங்கிப் பிடித்திருக்கும் மறு கையின் விரலில் கையுறையைத் துளைத்துக்கொண்டு ஏறிவிடுவதுண்டு. அப்படி ஏறினால், நோயாளியின் ரத்தத்திலுள்ள மஞ்சள் காமாலைக் கிருமியோ எச்.ஐ.வி.யோ மருத்துவரைப் பற்றக்கூடும். முனை மழுங்கிய ஊசியோ தசையுறைக்குள் நுழையுமேயன்றித் தோலை எளிதில் துளைக்காது. பத்துப் பரிசோதனைகளைத் தொகுத்து 2011-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வு, இவ்வூசியைப் பிரயோகித்தால் கையுறை துளைபடுவது பாதிக்கு மேல் குறைகிறது என்று கண்டது. அமெரிக்க அரசாங்கத்தின் மூன்று நிறுவனங்கள் 2012-இல் ஒருசேர இதனைச் சிபாரிசு செய்தன.

இதைச் செலுத்தச் சற்று அதிக அழுத்தம் வேண்டும், விலையும் கூடுதல், தோலுக்கும் நுண்ணிய வேலைக்கும் உதவாது என்னும் ஆட்சேபங்கள் உண்மையே. ஆயினும், ஒப்பந்தப்புள்ளியில் குறைந்த விலையையே நோக்குகிற கொள்முதல் அதிகாரிகள், ஓர் ஊசிக் குத்துக்குப் பின் செய்யவேண்டிய ரத்தப் பரிசோதனைகள், தடுப்பு மருந்துகள், முடிவு தெரியும்வரை அனுபவிக்கும் மனக்கலக்கம் ஆகியவற்றையும் அதே கணக்கில் சேர்க்கக் கடமைப்பட்டவர்கள். ஆகையால், ஊசிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் சஸ்திர வைத்தியருக்கும் அவருக்கு ஊசியை எடுத்துக் கொடுக்கும் நர்சுக்கும் இடமளித்து, தசையுறையைத் தைக்க மழுங்கிய ஊசியைப் பொது விதியாகவும், கூரிய ஊசியைக் காரணம் சொல்லிக் கேட்டுப் பெறும் விதிவிலக்காகவும் நம் ஆஸ்பத்திரிகள் ஏற்படுத்த வேண்டும்.