கிண்ணம் வென்றவருக்கு இடமில்லை

ஐரோப்பியத் தொடருக்குள் நுழைய மைதானத்தில் வென்றால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2025 மே மாதம் எஃப்.ஏ. கிண்ண இறுதியில் மன்செஸ்டர் சிட்டியை 1-0 என வீழ்த்திய கிறிஸ்டல் பேலஸ், தன் வரலாற்றின் முதல் பெரிய கிண்ணத்தோடு யூரோப்பா லீக்கில் ஆடும் உரிமையையும் பெற்றது.

ஆனால் பேலஸில் பெரும் பங்கு வைத்திருந்த ஜோன் டெக்ஸ்டர், பிரான்சின் லியோன் கழகத்துக்கும் உரிமையாளராக இருந்தார். ஒருவரின் செல்வாக்குக்கு உட்பட்ட இரு கழகங்கள் ஒரே தொடரில் ஆட முடியாது. அப்படி நேர்ந்தால் உள்ளூர் லீக்கில் மேலே நின்ற கழகத்துக்கே இடம். லியோன் 6ஆவது, பேலஸ் 12ஆவது. டெக்ஸ்டர் பங்குகளை விற்றும் பயனில்லை. காலக்கெடு மார்ச் 1உடன் முடிந்திருந்தது. மே மாதக் கிண்ணத்தை மார்ச்சிலேயே கணக்கில் எடுக்க எந்தச் சிறிய கழகத்தால் முடியும்?

விதி பிழையென்று சொல்லமாட்டேன். ஒரே முதலாளியின் இரு அணிகள் மோதினால் முடிவை யார் நம்புவார்கள்? ஆயினும் முந்தைய பருவத்தில் மன்செஸ்டர் சிட்டியும் ஜிரோனாவும், பங்குகளைத் தற்காலிகமாக அறங்காவலர்களிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரே சம்பியன்ஸ் லீக்கில் ஆடின. வழி தெரிந்தவர்களுக்குக் கதவு திறந்தது.

ஓகஸ்டில் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றமும் பேலஸின் மேன்முறையீட்டை நிராகரித்தது. பேலஸ் கொன்பரன்ஸ் லீக்குக்கு இறக்கப்பட, அந்த யூரோப்பா லீக் இடம் கிண்ணமேதும் வெல்லாத நொட்டிங்ஹாம் ஃபொரஸ்டுக்குப் போனது.