அழுகும் பழம் யார் கணக்கில்?

மயிலாப்பூர் மாட வீதியிலும் தியாகராய நகர்க் கடைத்தெருவிலும் மாம்பழம் விற்பவரைக் கேளுங்கள். விடியுமுன் கோயம்பேட்டில் எடுத்த பழம், ஓரிரு நாளில் கரும்புள்ளி கண்டுவிடுகிறது. பிறகு பாதி விலை. அதற்கும் பிறகு குப்பைத் தொட்டி. தண்டல்காரர் மட்டும் நாள் தவறாமல் வருகிறார்! பூசணம் தின்பது பழத்தையா, ஏழையின் பிழைப்பையா?

குற்றம் வண்டிக்காரருடையதா? இல்லை. அந்தப் பூசணம், மரத்தில் காய் பிஞ்சாக இருந்தபோதே தோலுக்குள் புகுந்து பதுங்கிக் கிடந்தது, கனிந்ததும் தலைதூக்குகிறது. தோப்பிலே நுழைந்த நோய்க்குத் தெருவிலே நிற்பவர் தண்டம் கட்டுகிறார். 2015-இல் வெளிவந்த நடுவண் ஆய்வு நிறுவனக் கணக்குப்படி, அறுவடையிலும் அதன் பின்னும் வீணாவது மாம்பழத்தில் நூற்றுக்கு 9 பங்கு; கொய்யாவில் ஏறத்தாழ 16 பங்கு.

மாற்று இல்லையா? உண்டு, நம் அஞ்சறைப் பெட்டியிலேயே உண்டு! ஓமத்திலுள்ள தைமால், கிராம்பிலுள்ள யூஜினால், பட்டையிலுள்ள சின்னமால்டிகைடு ஆகியவை பூசணத்தின் உயிரணுச் சவ்வைச் சிதைக்கின்றன. அறுத்த புல்லின் மணத்தில் இருக்கும் ஹெக்சனால், பழத்தின் சவ்வு சீக்கிரம் தளராமல் காக்கிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம், கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தோடும் இலங்கை ஆய்வாளரோடும் கூடி, 2012 முதல் ஹெக்சனாலை மாந்தோப்புகளில் தெளித்துப் பார்த்தது. பழம் கூடுதல் நாள் கெடாமல் நின்றது.

ஓமத்தை அரைத்துப் பூசினால் போதும் என்று நாம் சொல்லவில்லை. அளவு மிஞ்சினால் தோல் கருகும். பழத்தில் மருந்து வாடை ஏறும். தோப்பிலும், பறித்ததும் தரம் பிரிக்கும் இடத்திலும், அளவறிந்து செய்ய வேண்டிய வேலை இது. அன்றாடங்காய்ச்சியான வண்டிக்காரரால் ஆகுமா? சிறு விவசாயி தனித்து நின்று செய்ய முடியுமா?

ஆகவே அரசு முன்வரவேண்டும் என்கிறோம். கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் மருந்தும் பயிற்சியும் தோப்புக்குப் போகட்டும். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த பழத்தை அதிகாரிகள் கொட்டி அழிக்கிறார்கள், சட்டப்படி சரிதான். தண்டிக்கும் கை நீளும்போது, காக்கும் கையும் நீள வேண்டாமா?

தோழர்களே, இதைச் சங்கக் கூட்டங்களிலே பேசுங்கள். மக்கள் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம் கண்ட உண்மை, மக்களின் கூடைக்கு வந்து சேரும்வரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.