பீரங்கி யாரைக் காத்தது?

சிங்கப்பூரின் தென்கரையிலே லாப்ரடார் என்ற குன்று இருக்கிறது. 2002-ம் ஆண்டு முதல் அது சட்டப்படி இயற்கைக் காப்பகம். கடற்பாறைகளும் மரங்களும் பறவைகளும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. இதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் அம்மரங்களினிடையே நிற்கும் பீரங்கி மேடைகள் கூறும் சரித்திரம் என்ன?

பிரிட்டிஷ் ஏகாதிபத்தியம் 19-ம் நூற்றாண்டில் இங்கே பாசிர் பாஞ்சாங் கோட்டையைக் கட்டியது. எதற்காக? கெப்பல் துறைமுகத்தின் மேற்கு வாயிலைக் காப்பதற்காக. மலேயாவின் வெள்ளீயமும், பின்னர் ரப்பரும் கப்பலேறிய துறைமுகம் அது. காக்கப்பட்டது வர்த்தகம், மக்களல்ல.

1942 பிப்ரவரியில் ஜப்பானியப் படை கடல்வழியாகக் கோட்டைமுன் வரவில்லை. மலேயாவைக் கடந்து, ஜோகூர் நீரிணையைத் தாண்டி வடக்கிலிருந்து வந்தது. தீவின் பெரும் பீரங்கிகளிற் பல நிலப்பக்கம் திரும்பக் கூடியவைதாம். ஆனால் அவற்றுக்கிருந்த குண்டுகளில் பெரும்பாலானவை கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைப்பதற்கானவை. தரைப்படைக்கு எதிராக அதிகம் பயன்படவில்லை.

கோட்டைக்குப் பின்னாலுள்ள மேட்டிலே எதிரியை எதிர்த்து நின்றவர்கள் யார்? மலாய் ரெஜிமெண்டின் சாதாரணச் சிப்பாய்கள்! பிப்ரவரி 14-ம் தேதி லெப்டினண்ட் அட்னான் பின் சைதியும் அவரது வீரர்களும் புக்கிட் சாண்டு குன்றிலே இறுதிவரை போரிட்டு மடிந்தனர். அந்தப் பெயருக்கு 'அபின் குன்று' என்று பொருள். அதன் அடிவாரத்திலேதான் காலனி அரசு அபின் பதப்படுத்தி வருமானம் திரட்டியது. அந்த மண்ணைக் காக்க உயிர் கொடுத்தவர்கள் அம்மண்ணின் மைந்தர்கள்!

மறுநாளே தளபதி பெர்சிவல் சரணடைந்தார். சிறைப்பட்ட சுமார் 85 ஆயிரம் பேரில் ஏறக்குறைய பாதிப்பேர் இந்தியச் சிப்பாய்கள். அடுத்த சில வாரங்களிலே ஆயிரக்கணக்கான சீன மக்கள் பொறுக்கியெடுத்துக் கொல்லப்பட்டனர். மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் சயாம்-பர்மா ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு, பல்லாயிரவர் அங்கேயே மாண்டனர். எஜமானர்கள் இருவர் மோதினர். விலை கொடுத்தவர்கள் உழைக்கும் மக்கள்.

கோட்டை காடானது நல்லதே. ஆனால் பீரங்கியின் நீளமும் எடையும் மட்டுமே சரித்திரமாகிவிடக் கூடாது. அங்கே செல்லும் இளைஞர் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பீரங்கி யாரைக் காத்தது? யாரைக் கைவிட்டது? மரங்களைக் காப்பதைப் போலவே மாண்ட மக்களின் நினைவையும் காப்போம்!