நஞ்சுக்கு மருந்தென்று பெயரா?

இருள் விலகுமுன்பே போடிநாயக்கனூரிலிருந்தும், சிலமலை, தேவாரம் முதலிய ஊர்களிலிருந்தும் ஊர்திகள் மலையேறுகின்றன. அவற்றில் ஆடவரும் பெண்டிரும் நெருங்கி அமர்ந்து போடிமெட்டு முதலிய மலைவழிகளைக் கடந்து, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் பகலெல்லாம் உழைத்து, மாலையில் இறங்கி வருகின்றனர். 'இன்று என்ன வேலை?' என்று வினவினால், காயெடுப்பு என்பர், களையெடுப்பு என்பர், ஆடவர் சிலர் 'மருந்தடிப்பு' என்பர்.

மருந்து! வள்ளுவப் பெருமான் தனியோர் அதிகாரமே வகுத்த சொல்லன்றோ அது! நோய் தணிப்பதும் உயிர் காப்பதும் எதுவோ, அதற்குத் தமிழன் இட்ட பெயர் அது. அப்பெயரை உயிர்கொல்லும் நஞ்சுக்குச் சூட்டியவர் எவராயினும் ஆகுக. அதனை மறுப்பின்றி நாவில் ஏற்றுக்கொண்டவர் நாம். சொல்லில் தொடங்கிய பிழை இன்று நம் மக்களின் மூச்சுக்குழலில் வந்து முடிந்திருக்கின்றது. இதனை எடுத்துரைப்பதே இவ்வாசிரியவுரையின் நோக்கம்.

ஏலச்செடியை இலைப்பேனும், தண்டையும் காயையும் துளைக்கும் புழுவும் தாக்குகின்றன. விளைச்சலைப் பெருக்கும் முனைப்பில், பல தோட்டங்களில் ஆண்டுக்குப் பத்துச் சுற்றுக்கு மேலும் பூச்சிக்கொல்லி தெளிக்கப்படுகின்றது. குயினால்பாசு போன்ற பாசுபரசு நஞ்சுகள் அவற்றுள் தலையாயவை. ஏலம் நிழலில் வளர்வது. நிழல்மரங்கள் கவிந்த காட்டில் காற்று எளிதில் அசைவதில்லை. எனவே தெளித்த நஞ்சுத்திவலை விரைந்து கலைவதுமில்லை. தெளிப்பவன் அதனை நேரே மூச்சிழுக்கின்றான். அடுத்து அங்கே காயெடுக்க நுழையும் பெண்ணோ, தான் தெளிக்காத நஞ்சைத் தன் உடம்பில் ஏற்கின்றாள்.

மூச்சுவழிக்கு இயற்கை காவல் வைத்துள்ளது. மூக்கின் மயிர் பெருந்துகளைத் தடுக்கும். குழலின் உட்புறத்து ஊறும் கோழை எஞ்சியதைப் பற்றிக்கொள்ளும். அக்கோழையை நுண்மயிர்கள் ஓயாது மேனோக்கித் தள்ளும். ஆயின், ஒரு மில்லிமீட்டரை நானூறு கூறாக்கிய ஒரு கூற்றினும் சிறிய துகள் இக்காவலைக் கடந்து நுரையீரலின் காற்றறை வரை செல்ல வல்லது. ஆவியாக வருவதற்கோ தடையே இல்லை. அங்கிருந்து குருதி ஒரு மெல்லிய தோலளவு தொலைவே.

உட்சென்ற பாசுபரசு நஞ்சு, நரம்பின் ஏவலை முடித்துவைக்கும் நொதியை முடக்குகின்றது. ஏவல் ஓயாதபோது மூச்சுக்குழல் இறுகும், கோழை பெருகும், கண்மணி சுருங்கும், நெஞ்சு அடைக்கும். இதனினும் வியப்பான தீங்கொன்று உண்டு. நஞ்சைக் கழிக்க முற்படும் உடலின் நொதிகளே அதிலுள்ள கந்தகத்தை நீக்கி உயிர்வளியை ஏற்றுகின்றன. அதனால் அது முன்னினும் கொடியதாகின்றது. அக்கொடிய வடிவை உடைக்கும் வேறொரு நொதியும் நமக்குண்டு. ஆனால் அதனை ஆக்கும் மரபணு எல்லாரிடத்தும் ஒரே வலிமையுடையதன்று. 'இருபதாண்டு அடித்தேன், எனக்கொன்றும் ஆகவில்லையே' என்று ஒருவர் சொல்வது அவர்தம் நற்பேற்றைக் காட்டுமேயன்றிப் பக்கத்தில் நிற்பவர்க்குக் காப்புறுதி ஆகாது.

இனி, மரபணுவுக்கே நேரும் கேட்டைக் காண்போம். மரபணு என்பது நான்கே எழுத்துகளால் எழுதப்பெற்ற சுவடி. உயிரணு பிரியுந்தோறும் அச்சுவடி படியெடுக்கப்படுகின்றது. ஏட்டை ஏட்டுக்குப் பெயர்த்தெழுதியோர் கைப்பிழையால் நம் பழநூல்களில் பாட வேறுபாடு புகுந்ததைத் தமிழன்பர் அறிவர். உடலிலும் அதுவே நிகழ்கின்றது.

இதனைத் தெள்ளத் தெளியக் காட்டுவது புகை. ஏலக்காய் உலர்த்தும் விறகடுப்பிலும், ஊர்தி கக்கும் டீசல் புகையிலும், சுருட்டிலும் பென்சோபைரீன் என்னும் பொருள் உண்டு. அது மூச்சுக்குழலின் உயிரணுவைத் தொட்டதும், உறங்கிக் கிடந்த ஒரு மரபணு விழித்து, அதனைக் கரைத்தொழிக்க நொதியை ஆக்குகின்றது. அந்நொதியின் வினையால் பிறக்கும் பொருளோ சுவடியின் 'குவானின்' என்னும் எழுத்தில் சென்று ஒட்டிக்கொள்கின்றது. ஒட்டிய எழுத்தைப் படியெடுக்கையில் பிழை நேர்கின்றது. உயிரணு கட்டுமீறாமல் காக்கும் பி53 என்னும் காவல் மரபணுவில், அப்பொருள் ஒட்டும் இடங்களும் புகைப்போரின் நுரையீரற் புற்றில் பிழை காணப்படும் இடங்களும் ஒன்றாகவே இருத்தல் 1996ஆம் ஆண்டில் மெய்ப்பிக்கப்பட்டது.

எழுத்து மாறாமலும் கேடு நேரலாம். மரபணுவின்மேல் மீதைல் என்னும் சிறு குறிகள் உண்டு. எந்த வரியைப் படிப்பது, எதனை விடுப்பது என்று காட்டுவன அவை. நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு, தொழிலிடத்தில் பூச்சிக்கொல்லிக்கு ஆட்பட்டோரின் குருதியில் அக்குறிகள் இடம் மாறியிருத்தலைக் கண்டது. பூச்சிக்கொல்லியை ஆக்குவோர், தெளிப்போர் ஆகியோரின் குருதியணுக்களில் மரபிழை அறுந்திருத்தல் பிறரினும் மிகுதி என்று இந்தியாவில் நடந்த ஆய்வுகளும் காட்டியுள்ளன. பாசுபரசு நஞ்சுகளுள் மாலத்தியானும் டயசினானும் மாந்தர்க்குப் புற்றுநோய் விளைக்கக்கூடும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் வகைப்படுத்தியது. மரபிழை அறுந்தோர் அனைவர்க்கும் புற்றுநோய் வரும் என்பதன்று. அறுந்ததை ஒட்டும் ஆற்றலும் உடலுக்குண்டு. ஆனால், ஒட்டுமுன் மீண்டும் மீண்டும் அறுப்பவன் முன் எத்துணை நாள் அவ்வாற்றல் நிற்கும்?

இத்தனையும் அறிந்த பின்னும் ஆள்வோர் எதனை அளக்கின்றனர்? காயை அளக்கின்றனர்! ஏலக்காயில் நஞ்செச்சம் மிகுந்ததென்று சவுதி அரேபியா திருப்பியனுப்பியதுண்டு; உடனே வணிகர் பதைத்தனர். சபரிமலை அரவணையில் சேர்த்த ஏலக்காயில் பூச்சிக்கொல்லி எச்சம் வரம்பு மீறியதென்னும் ஆய்வறிக்கை கண்டு, 2023 சனவரியில் கேரள உயர்நீதிமன்றம் அதன் விற்பனையை நிறுத்தியது; ஆறு நூறாயிரத்துக்கும் மேற்பட்ட குப்பிகள் முடங்கின. அவ்வாணையை 2024இல் உச்சநீதிமன்றம் நீக்கியது; அது வேறு. நாம் கேட்பது இதுவே: உண்பவன் நாவுக்குச் செல்லும் துளிக்கு இத்துணை ஆய்வும் வழக்கும் உண்டெனில், அதே செடியடியில் நாள்முழுதும் நின்றவளின் மூச்சுக்கு அளவுகோல் எங்கே?

சட்டம் இல்லாமலில்லை. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971ஆம் ஆண்டின் அதன் நெறிகளும், தெளிப்போர்க்குக் காப்புடையும் மூச்சுக்காப்பும் வேண்டும் என்கின்றன. வேலைக்கு எடுக்குமுன்னும் பின்னர்க் காலந்தோறும் மருத்துவ ஆய்வு வேண்டும் என்கின்றன. குப்பியுடன் தரும் குறிப்பு இந்தி, ஆங்கிலத்தோடு அவ்வட்டார மொழியிலும் இருத்தல் வேண்டும் என்கின்றன. வட்டார மொழி எது? குப்பி விற்கும் கடையின் மொழியா? அதனைத் தெளிக்கும் கையின் மொழியா? மலைமேல் தெளிக்கும் கை தமிழ்க் கையாயின், குறிப்பும் தமிழில் இருத்தலே முறை. எழுதப் படிக்க அறியாதார்க்கு அதனைத் தமிழில் வாய்விட்டுப் படித்துக் காட்டுவதும் தோட்டத்தார் கடனே.

மற்றொன்று. காசரகோட்டு முந்திரிக் காடுகளில் வான்வழியே தெளித்த எண்டோசல்பானால் நொந்தோர் நெடுங்காலம் போராடினர். 2011 மே 13இல் உச்சநீதிமன்றம் அந்நஞ்சைத் தடுத்தது. 2017 சனவரியில், பாதிப்புற்றோர் ஒவ்வொருவர்க்கும் ஐந்து நூறாயிரம் உருபா வழங்குமாறு கேரள அரசை ஏவியது. அவர்கள் அங்கேயே வாழ்ந்தவர்கள். எனவே பட்டியலிட முடிந்தது. நம் மக்களோ உழைப்பது ஒரு மாநிலத்தில், இருமுவது மற்றொரு மாநிலத்தில். எல்லைக்கோடு கிழித்தோர் மலையைப் பிரித்தனர்; அக்கோட்டை மூச்சு அறியாது. மலைமேல் இழுத்த நஞ்சுக்கு அடிவாரத்து மருத்துவமனையில் கணக்கில்லை. எனவே, தெளிப்போரின் பெயர்ப்பட்டியலை இரு மாநில அரசுகளும் ஒன்றாய் வைத்தல் வேண்டும். போடி அரசு மருத்துவமனையில் அந்நொதியின் அளவைக் குருதியில் ஆயும் ஏற்பாடு வேண்டும். தெளித்த தோட்டத்துள் எந்நாள் வரை நுழையலாகாது என்பதைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வாயிலில் நிறுத்தல் வேண்டும்.

அரசுகள் செய்யட்டும், செய்யும்வரை கேட்போம். ஆனால், எவர் ஒப்புதலும் வேண்டாது நாம் இன்றே செய்யக்கூடிய பணி ஒன்றுண்டு. நஞ்சை நஞ்சென்று அழைப்போம்! மாலையில் வீடு திரும்பும் தந்தை 'மருந்தடித்தேன்' என்று சொன்னால், குழந்தை ஓடிவந்து அவன் மேல் தாவும். 'நஞ்சடித்தேன்' என்று சொன்னால், குளித்துவரும் வரை தாய் குழந்தையைப் பிடித்து நிறுத்துவாள். உடுத்த துணியைத் தனியே அலசுவாள். வெற்றுக் குப்பியில் தண்ணீர் வைக்க ஒருப்படாள். நாளை முகத்தில் துணி கட்டாமல் அனுப்பாள். துணியும் போதாதென்று அறிந்து மூச்சுக்காப்பு கேட்கச் சொல்வாள். ஒரு சொல் திருந்தின் ஒரு வீட்டின் நடையே திருந்தும்.

சிலமலை அன்பரீர்! போடி அன்பரீர்! நும் தெருவிலேயே இதனைத் தொடங்குமின்.