இவ்வளவு பாடுபட்டதற்கு இதுதானா முடிவு?

ஒருவர் கதை சொல்கிறார். நாம் கேட்கிறோம். கதாநாயகன் படாத பாடு படுகிறான். அவன் சிரித்தால் நாமும் சிரிக்கிறோம். அவன் அழுதால் நமக்கும் கண் கலங்குகிறது. கடைசிக் கட்டம் வந்ததும், கதை சொன்னவர் ஏதோ நாலு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டால் எப்படி இருக்கும்?

கோபம் வரும் அல்லவா?

2012-ம் ஆண்டு ஒரு வீடியோ விளையாட்டின் ரசிகர்களுக்கு அப்படித்தான் கோபம் வந்தது. விளையாட்டின் பெயர் 'மாஸ் எபெக்ட்-3'.

"விளையாட்டுக்குப் போய் இவ்வளவு கோபமா?" என்று சிலர் சிரித்தார்கள். ஆனால் ரசிகர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது என்பதே என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள்தான் கதாநாயகன்!

கனடா நாட்டில், எட்மன்டன் நகரில் 'பயோவேர்' என்ற நிறுவனம் இருக்கிறது. அதுதான் இந்த விளையாட்டைத் தயாரித்தது. முதல் பாகம் 2007-ம் ஆண்டிலும், இரண்டாம் பாகம் 2010-ம் ஆண்டிலும் வந்தன. மூன்றாம் பாகம் 2012-ம் ஆண்டு மார்ச் மாதம் 6-ந் தேதி வெளிவந்தது.

கதை 22-ம் நூற்றாண்டில் நடக்கிறது. மனிதர்கள் வேறு கிரகங்களில் குடியேறி, அங்குள்ள மக்களோடு பழகி வாழ்கிறார்கள். அப்போது பெரிய ஆபத்து வருகிறது. 'ரீப்பர்' என்னும் ராட்சத எந்திரங்கள் 50 ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும். முன்னேறிய உயிர்களை எல்லாம் அறுவடை செய்துவிட்டுப் போய்விடும். இப்போது மனிதனின் முறை!

அதைத் தடுக்கப் புறப்படுகிறவர் கமாண்டர் ஷெப்பர்ட். அவர் ஆணா, பெண்ணா என்பதைக்கூட விளையாடுகிறவரே தீர்மானிக்கலாம்.

இந்த விளையாட்டின் சிறப்பு என்ன தெரியுமா? நீங்கள் செய்ததை அது மறக்காது. முதல் பாகத்தில் இரண்டு தோழர்கள் ஆபத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். யாரை என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். நீங்கள் கைவிட்டவர் அங்கேயே இறந்துபோவார். அடுத்த இரண்டு பாகங்களிலும் அவர் கிடையாது.

இப்படி ஐந்து ஆண்டுகள்! ஒவ்வொரு ரசிகரும் தன் சொந்தக் கதையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

மூன்று நிறங்கள்

கடைசிக் காட்சிக்கு வருவோம். படுகாயத்தோடு தள்ளாடிக்கொண்டு போகும் ஷெப்பர்டின் முன்னே ஒரு சிறுவனின் உருவம் தோன்றுகிறது. ரீப்பர்களை ஆட்டிவைப்பது அதுதான். அது மூன்று வழிகளைக் காட்டுகிறது. எந்திரங்களை அழிக்கலாம், அடக்கி ஆளலாம், அல்லது உயிரையும் எந்திரத்தையும் ஒன்றாகக் கலந்துவிடலாம்.

ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் பெரிய ஒளி வெள்ளம் பரவுகிறது. அழித்தால் சிவப்பு. அடக்கினால் நீலம். கலந்தால் பச்சை. மற்றபடி மூன்று காட்சிகளும் ஏறக்குறைய ஒன்றுதான்! பூமியில் சண்டை போட்டுக்கொண்டிருந்த தோழர்கள், தொலைவில் விழுந்த விண்கப்பலிலிருந்து இறங்கி வருகிறார்கள். அவர்கள் எப்படி அங்கே போனார்கள்? விளக்கம் இல்லை. காப்பாற்றிய மக்கள் என்ன ஆனார்கள்? பதில் இல்லை.

செய்த சமாதானம் எங்கே?

இதையாவது பொறுக்கலாம். பொறுக்க முடியாத ஒன்று உண்டு.

கதையில் 'குவாரியன்' என்று ஓர் இனம் வருகிறது. அவர்கள் வேலைக்காக 'கெத்' என்ற எந்திரங்களைச் செய்தார்கள். அந்த எந்திரங்கள் சிந்திக்கத் தொடங்கின. பயந்துபோன குவாரியன்கள் அவற்றை அழிக்கப் பார்த்தார்கள். கெத்துகள் திருப்பி அடித்தன. குவாரியன்கள் தாய்மண்ணை இழந்து 300 ஆண்டுகள் கப்பல்களிலேயே அலைந்தார்கள்.

நீங்கள் முந்திய பாகத்திலிருந்தே பொறுமையாக நடந்துகொண்டிருந்தால், மூன்றாம் பாகத்தில் இந்த இருவருக்கும் சமாதானம் செய்துவைக்கலாம். அது எளிதல்ல. செய்து முடித்தவர்களுக்கு எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும்!

ஆனால் கடைசியில் அந்தச் சிறுவன் என்ன சொல்கிறான்? எந்திரங்கள் தங்களைப் படைத்தவர்களோடு என்றைக்கும் மோதத்தான் செய்யும் என்கிறான். "தம்பி, நான் இப்போதுதான் சமாதானம் செய்துவைத்துவிட்டு வருகிறேன்" என்று சொல்ல, முதலில் வந்த பதிப்பில் வழியே இல்லை. ரசிகர் பட்ட பாட்டை விளையாட்டே மறந்துவிட்டது!

400 கேக்குகள்

ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. பணம் திரட்டி, சுமார் 400 சிறு கேக்குகளைப் பயோவேருக்கு அனுப்பிவைத்தார்கள். மேலே சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறம். உள்ளே எல்லாம் ஒரே சுவை! நிறுவனம் அவற்றை இளைஞர் காப்பகம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டது.

இன்னொன்றும் செய்தார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள் வாங்கித் தரும் அமெரிக்க அறநிலையம் ஒன்றுக்கு, தங்கள் இயக்கத்தின் பெயரால் 80 ஆயிரம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். கோபத்தையும் இப்படி நல்ல வழியில் காட்டலாம்!

கதை யாருடையது?

"கதை எழுதியவருடையது. ரசிகர் கத்தினால் மாற்றிவிடுவதா?" என்று கேட்டவர்களும் உண்டு. நல்ல கேள்விதான். நாவல் படிக்கும்போது நாம் வெறும் வாசகர். அதன் முடிவு ஆசிரியர் இஷ்டம். ஆனால் இங்கே, "கதையை நீயே நடத்து" என்று கூப்பிட்டவர் ஆசிரியர்தான். விருந்துக்கு அழைத்து, சமையலையும் நம்மிடமே ஒப்படைத்துவிட்டு, பந்தியில் வேறு சோற்றைப் போடலாமா?

பயோவேர் இதைப் புரிந்துகொண்டது. 2012-ம் ஆண்டு ஜூன் மாதம் 26-ந் தேதி, முடிவை விரிவாக்கி இலவசமாகக் கொடுத்தது. தோழர்கள் கப்பலுக்குப் போன விதம் விளங்கிற்று. பிறகு யார், எப்படி வாழ்ந்தார்கள் என்பதும் தெரிந்தது. மூன்று வழிகளையும் மறுக்கும் நான்காவது வழியும் வந்தது. அதைத் தேர்ந்தெடுத்தால் எல்லோரும் அழிவார்கள். ஆனாலும் அதை விரும்பிய ரசிகர்கள் இருந்தார்கள்!

இதிலிருந்து என்ன தெரிகிறது? ரசிகர்கள் சுபமான முடிவுக்காக அடம்பிடிக்கவில்லை. ஷெப்பர்ட் சாவதை அவர்களால் தாங்க முடிந்தது. தாங்கள் செய்ததெல்லாம் கணக்கில் வராமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

தமிழில் 'முடிவு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கதையின் கடைசியும் முடிவுதான். நாம் செய்யும் தீர்மானமும் முடிவுதான். ரசிகனை முடிவு எடுக்கச் சொன்ன கதையில், இந்த இரண்டும் பொருந்தவேண்டும். அவர்கள் கேட்டது அவ்வளவுதான்.