இசைத்தட்டு மோகம் மலை ஏறிவிட்டது: பரணில் உள்ள பிளேயரை விற்பதா, வைத்துக்கொள்வதா?

இசைத்தட்டு மறுபடியும் விலை போகிறது!

இனி வராது என்று எல்லோரும் கை கழுவிய சாமான் இது. முதலில் கேசட் வந்தது. அடுத்து சி.டி. வந்தது. இப்போது கைபேசியிலேயே எல்லாப் பாட்டும் இருக்கிறது. அப்படியிருந்தும், 2022-ம் ஆண்டில் அமெரிக்காவில் 4 கோடியே 10 லட்சம் புதிய இசைத்தட்டுகள் விற்றன. அந்த ஆண்டில் அங்கே விற்ற சி.டி. 3 கோடியே 30 லட்சம்தான். எண்ணிக்கையில் சி.டி.யை இசைத்தட்டு முந்தியது, 1987-ம் ஆண்டுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

அங்கே விற்றால் நமக்கு என்ன?

அந்த மோகம் இங்கும் வந்துவிட்டது. பழைய சினிமாப் பாட்டுகளைப் புதுத் தட்டுகளாக மீண்டும் வெளியிடுகிறார்கள். பெட்டி போல மூடித் திறக்கும் புது பிளேயர்கள் கடைக்கு வந்திருக்கின்றன. பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியது என்று நினைத்த பழைய பிளேயரைக் காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது.

பழனி மலையில், அதிலும் கொடைக்கானலில், இதற்குத் தனிக் கதை உண்டு. அமெரிக்கப் பாதிரிமார்கள் 1845-ம் ஆண்டிலேயே அங்கே பங்களா கட்டினார்கள். 1901-ம் ஆண்டில் தங்கள் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடமும் தொடங்கினார்கள். வெளிநாட்டுச் சாமான்கள் மலைக்கு ஏறியது அப்படித்தான். அதனால் அங்கே பழைய பங்களா கைமாறும்போது, பரணிலிருந்து இறங்கும் பிளேயர் கல்கத்தா டம்டம்மில் நாய் மார்க் கம்பெனி விற்ற 'கலிப்சோ'வாகவும் இருக்கலாம். இங்கிலாந்தின் 'காரார்டு' ஆகவும் இருக்கலாம். அமெரிக்கப் பெட்டியாகவும் இருக்கலாம்.

மூன்றுக்கும் ஒரே வைத்தியம் இல்லை. முதலில் அமெரிக்கப் பெட்டியைப் பார்ப்போம். அதிகம் ஏமாறுவது அதில்தான்.

பாடகர் ஏன் இழுக்கிறார்?

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்காவில் 120 வோல்ட். அந்த ஊர்ப் பெட்டியை நேராக நம் பிளக்கில் செருகினால் புகை வரும்! இது பலருக்குத் தெரியும். ஆகவே, வோல்ட்டைக் குறைக்க ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கி வைப்பார்கள். தட்டு சுற்றும். பாட்டும் வரும். ஆனால் பாடகி ஆண் குரலில், தூக்கக் கலக்கத்தில் பாடுவது போல இருக்கும்.

என்ன காரணம்?

மின்சாரத்துக்கு வோல்ட் மட்டும் அல்ல, துடிப்பும் உண்டு. நம் மின்சாரம் நொடிக்கு 50 தடவை துடிக்கிறது. அமெரிக்க மின்சாரம் 60 தடவை. அந்தக் காலத்து மோட்டார்கள் பெரும்பாலும் துடிப்பைப் பார்த்தே ஓடும். ஆகவே 60-க்குச் செய்த மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றும்; துடிப்பை மாற்றாது. மோட்டார் முனையில் உள்ள சிறு கப்பியை எடுத்துவிட்டு, அதைவிடக் கொஞ்சம் பெரிய கப்பியை லேத் பட்டறையில் கடைந்து போட வேண்டும். அதற்கு ஆள் கிடைத்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் அந்தப் பெட்டி அழகுக்குத்தான்.

வேகத்தைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை வையுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணுங்கள். பெரிய எல்.பி. தட்டு 3 நிமிஷத்தில் சரியாக 100 சுற்று சுற்ற வேண்டும். 83 சுற்றுதான் வருகிறதா? அது கடல் கடந்து வந்த பெட்டி!

நம் ஊர்ப் பெட்டியிலும் வேகம் குறைவது உண்டு. அதற்குக் காரணம் வேறு. உள்ளே உள்ள பழைய கிரீஸ் மெழுகு போல இறுகியிருக்கும். சுமார் 7,000 அடி உயரத்தில், மார்கழிக் குளிரில், கேட்க வேண்டியதே இல்லை. ரப்பர் பெல்ட் தொய்ந்திருக்கும். ரப்பர் சக்கரம் காய்ந்து 'கடகட' என்று சத்தம் போடும். இவை எல்லாம் சின்ன ரிப்பேர்கள். இதற்காக ஒரு நல்ல பெட்டியை எடைக்குப் போடுவது பாவம்.

ஒரு எச்சரிக்கை. 20, 30 ஆண்டு சும்மா கிடந்த பெட்டியை ஆசையோடு உடனே பிளக்கில் செருகாதீர்கள். உள்ளே உள்ள கண்டென்சர்கள் கெட்டுப் போயிருக்கும். ரேடியோ ரிப்பேர்காரர் 'சீரிஸ் பல்பு' போட்டுப் பார்ப்பார். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட் என்று அர்த்தம். பல்போடு போகும், பெட்டி பிழைக்கும்.

ஊசிதான் உயிர்

பெட்டி கெட்டால் ரிப்பேர் செய்யலாம். தட்டு கெட்டால் கெட்டதுதான். தட்டைக் கெடுப்பது மழுங்கிய ஊசி.

நீலக்கல் ஊசி 50 முதல் 100 மணி நேரம் வரை தாங்கும். வைர ஊசி 500 முதல் 1,000 மணி நேரம் வரை தாங்கும். பரணிலிருந்து இறங்கிய பெட்டியில் இருக்கும் ஊசி எத்தனை மணி நேரம் பாடியது என்று யார் கணக்கு வைத்தார்கள்? வீட்டில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் 1963-ம் ஆண்டு சுப்ரபாதத் தட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊசியில் அதை ஒரு தடவை ஓட விட்டாலும் குரலை உழுதுவிடும். முதலில் ஊசியை மாற்றுங்கள். பிறகு தட்டை எடுங்கள்.

78 சுற்றுத் தட்டுக்கு வேறு ஊசி. அதன் கோடு அகலமானது. எல்.பி. ஊசியைப் போல நாலு மடங்கு பருமனான ஊசி வேண்டும். பழைய பெட்டிகள் பலவற்றில் ஒரு சின்னப் பிடியைத் திருப்பினால் ஊசி மாறும். சாவி கொடுக்கும் கிராமபோனில் எல்.பி.யைப் போடவே கூடாது. அதன் தலை 100 கிராமுக்கு மேல் அழுத்தும். எல்.பி. தாங்குவது சில கிராம்தான்!

அப்படியானால் புதுப் பெட்டி வாங்கிவிடலாமா?

சூட்கேஸ் மாதிரி வருகிறதே, அதைப் பற்றி என் அபிப்பிராயம் நல்லதாக இல்லை. பலவற்றில் ஊசி 5, 6 கிராம் அழுத்துகிறது. அதைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. நல்ல டர்ன்டேபிளில் கையின் பின்னால் ஒரு எடைக்கல் இருக்கும். அதைத் திருகி 2 கிராமுக்கு வைக்கலாம். பழைய கலிப்சோவும் அழுத்தத்தில் குறைந்தது அல்ல என்பது உண்மைதான். ஆனால் அது ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது, 78-ம் பாடும். வீட்டில் இருப்பது கொஞ்சம் பழைய தட்டுகள்தான் என்றால், புது ஊசி போட்டு இருக்கும் பெட்டியையே வைத்துக்கொள்ளுங்கள். புதுத் தட்டுகளைப் பணம் கொடுத்து வாங்கப் போகிறீர்கள் என்றால் எடைக்கல் உள்ளதை வாங்குங்கள். சூட்கேஸ் இரண்டுக்கும் உதவாது.

பூஞ்சணமும் ஸ்பிரிட்டும்

மலைக்காரர்களுக்கு இன்னொரு எதிரி ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில், மூடுபனியில், தட்டின் மேல் சிலந்தி வலை போலப் பூஞ்சணம் பூத்துவிடும். எல்.பி. என்றால் பச்சைத் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, மெல்லிய துணியால் கோட்டின் போக்கிலேயே வட்டமாகத் துடைக்கலாம். நடுவில் உள்ள லேபிள் நனையக் கூடாது. பிறகு நல்ல தண்ணீரில் அலசி நிழலில் நிறுத்தி வையுங்கள். ஈரம் காயட்டும் என்று கணப்புப் பக்கத்தில் வைத்தால் தட்டு அப்பளமாக வளையும்.

78 தட்டு வேறு ஜாதி. அது அரக்கில் செய்தது. மேஜை, நாற்காலிக்குத் தச்சர் பாலிஷ் போடுகிறாரே, அதுவும் அரக்குதான். அதை எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில்! அதே ஸ்பிரிட்டால் தட்டைத் துடைத்தால் பாட்டும் கரைந்துவிடும். ஈரத் துணியால் ஒற்றி, உடனே உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

பிளேயர் வாங்கப் போகும்போது ஒரு தட்டைக் கையோடு கொண்டு போங்கள். ஆனால் ஆசைத் தட்டு வேண்டாம். விற்பவர் பெட்டியில் எந்த ஊசி இருக்கிறதோ! போனால் போகட்டும் என்று நினைக்கும் தட்டு வீட்டில் ஒன்றாவது இருக்கும். அதைப் போட்டு, முதலில் 100 சுற்றை எண்ணுங்கள். பாட்டை அப்புறம் கேட்கலாம்.